பழைய காருக்கு மேனுவல் கியர்பொக்ஸும் ஹைட்ரோலிக் கிளச்சும் பூட்டுவது: முழுமையான வழிகாட்டி

ஓட்டோமெட்டிக் கியர்பொக்ஸோடு வந்த, பின்சில்லு இழுக்கும் பழைய கார் ஒன்றை மேனுவலாக மாற்ற நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பழைய கொரோலா, டட்சன் வகைக் கார்கள்தான் என் மனதில் இருக்கின்றன. இஞ்சின் மாறாது, அதே இஞ்சின் குடும்பத்துக்கென்று கம்பெனி செய்த மேனுவல் கியர்பொக்ஸைப் பூட்டுகிறோம். வேறு கம்பெனிக் கியர்பொக்ஸை இடைத்தகடு வைத்துப் பொருத்துவது தனி வேலை, அது இதில் வராது. ஹைட்ரோலிக் கிளச் வேலை செய்வது இப்படி: பெடல் மாஸ்டர் சிலிண்டரைத் தள்ளும்; அதிலிருந்து ஒயில் குழாய் வழியாகப் போய் ஸ்லேவ் சிலிண்டரைத் தள்ளும்; ஸ்லேவ் ஃபோர்க் என்ற நெம்பைத் தள்ள, அது ரிலீஸ் பெயாரிங்கைப் பிரஷர் பிளேட்டில் அழுத்தும்; அப்போது இஞ்சினோடு சுற்றும் ஃப்ளைவீலிலிருந்து கிளச் பிளேட் விடுபடும்.

திருகோணமலையில் இந்த வேலையைத் தொடங்கிவிட்டுப் பாதியில் காரைத் தறப்பாளால் மூடி வைத்திருக்கும் பல முற்றங்களைப் பார்த்திருக்கிறேன். நின்ற இடம் அநேகமாக ஒன்றுதான். கியர்பொக்ஸ் கைக்கு வந்தவுடன் அதைத் தூக்கி இஞ்சினோடு சேர்த்துவிடுகிறார்கள். பெடல், மாஸ்டர் சிலிண்டர், ஷாஃப்ட் நீளம், வயர் எல்லாவற்றையும் பிறகு பார்க்கலாம் என்று விடுகிறார்கள். பிறகு பார்க்கும்போது ஏதோ ஒன்று பொருந்தாது. பூட்டிய கியர்பொக்ஸ் திரும்பவும் இறங்கும். அளவும் கணக்கும் பெடல் வேலையும் முடிந்த பிறகுதான் கியர்பொக்ஸ் காருக்குக் கீழே போக வேண்டும். கீழே உள்ள ஒழுங்கு அதற்காகத்தான்.

1. எல்லாச் சாமானும் சேரும்வரை ஒரு போல்ட்டையும் கழற்றாதீர்கள்

நமக்குப் பழைய சாமான் பெரும்பாலும் கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்துதான் வருகிறது. ஃபோனில் சொன்னால் பஸ்ஸில் போட்டுவிடுவார்கள். ஆனால் ஃபோர்க்கைப் பிடிக்கும் ஒரு சின்னக் கிளிப் விட்டுப்போனாலும் அது வந்து சேரும்வரை கார் ஸ்டாண்டில் நிற்கும். மாரி காலத்தில் திறந்த முற்றத்தில் அப்படி நின்றால், கழற்றி வைத்த இரும்பெல்லாம் துருப்பிடிக்கும்.

கியர்பொக்ஸை மட்டும் வாங்காதீர்கள். ஒரே காரிலிருந்து முழுத் தொகுதியாகக் கேளுங்கள்: பெல் ஹவுசிங் (கிளச்சை மூடும் உறை), ஃபோர்க், அது சாய்ந்து ஆடும் உருண்டை முனை போல்ட், தூசு றப்பர், ஃப்ளைவீல், இஞ்சினுக்கும் பெல் ஹவுசிங்குக்கும் நடுவே வரும் மெல்லிய தகடு, ஸ்டார்ட்டர், பெடல் தொகுதி, ஸ்லேவ் சிலிண்டர் பிடிக்கும் பிராக்கெட், குறுக்குச் சட்டம், மவுண்ட், கியர் தண்டு, ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் (கியர்பொக்ஸிலிருந்து பின் அச்சுக்குப் போகும் தண்டு), வேகமானி கேபிளின் பல்.

ஒரே காரிலிருந்து வேண்டும் என்பதற்குக் காரணம் இருக்கிறது. ஃப்ளைவீலின் தடிப்பு, பிரஷர் பிளேட்டின் உயரம், ரிலீஸ் பெயாரிங்கின் உயரம், உருண்டை முனையின் நீளம் ஆகிய நான்கும் சேர்ந்துதான் ஃபோர்க் நிற்கும் கோணத்தைத் தீர்மானிக்கின்றன. ஒன்று வேறு காருடையதாக இருந்தால் ஃபோர்க் சாய்வாக நிற்கும், ஸ்லேவ் எவ்வளவு தள்ளினாலும் கிளச் முழுதாக விடாது. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும் என்பதுதான் இதில் உள்ள தொல்லை.

கியர்பொக்ஸுக்குக் காசு கொடுக்குமுன் ஒயில் வடிக்கும் போல்ட்டைத் திறக்கச் சொல்லுங்கள். காந்த முனையில் சாம்பல் நிறப் பசை மாதிரி இருந்தால் அது சாதாரணத் தேய்மானம். மஞ்சள் துகளோ, நகத்தில் உறுத்தும் இரும்புச் சில்லோ இருந்தால் வேண்டாம். ஒவ்வொரு கியராகப் போட்டு முன் ஷாஃப்ட்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். ஷாஃப்ட்டின் முனை கொஞ்சம் ஆடுவது பிழையில்லை, அந்த முனையை இஞ்சின் பக்கத்தில் உள்ள பைலட் புஷ் என்ற சின்ன வளையம்தான் தாங்கப் போகிறது. சுற்றும்போது கரகரவென்று கேட்டால் உள்ளே பெயாரிங் போய்விட்டது.

புதிதாகவே வாங்க வேண்டியவை: கிளச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பெயாரிங், பைலட் புஷ், இஞ்சினின் பின் ஒயில் சீல், கியர்பொக்ஸின் முன்-பின் சீல்கள், ஃப்ளைவீல் போல்ட்டுகள், ஹைட்ரோலிக் ஹோஸ், செப்பு வாஷர்கள். மாஸ்டரும் ஸ்லேவும் முடிந்தால் புதிது. நம் உப்புக் காற்றில் கிடந்த பழைய சிலிண்டரின் உட்சுவரில் அநேகமாகக் குழி விழுந்திருக்கும். றப்பர் மட்டும் மாற்றினால் சில மாதத்தில் மறுபடி ஒழுகும்.

கருவிகளில் டோர்க் ரென்ச் (இறுக்கத்தை அளக்கும் சாவி), வேர்னியர் (நுண் அளவுகோல்), கிளச் நடுப்படுத்தும் கருவி, குழாய் நட்டுக்கான ஃப்ளேர் சாவி, மல்ட்டிமீட்டர் ஆகியவை இல்லாமல் தொடங்க வேண்டாம். ஸ்டாண்ட் நான்கு வேண்டும். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் முற்றம் மணலாக இருந்தால் ஒவ்வொரு ஸ்டாண்டுக்கும் கீழே தடித்த பலகை போடுங்கள். பாரம் ஏறி, நீங்கள் கீழே படுத்து ஒரு போல்ட்டை இழுக்கும்போதுதான் ஸ்டாண்ட் மணலில் புதைந்து சாயும். ஜக்கை மட்டும் நம்பி எவரும் காருக்குக் கீழே போகக் கூடாது.

2. கார் ஓடும் நிலையிலேயே எடுக்க வேண்டிய அளவுகள்

கார் சில்லில் நிற்கும்போது, பாரம் முழுதும் ஸ்பிரிங்கில் இருக்கும்போது, பின் அச்சின் நடுவில் உள்ள டிஃபரன்ஷியலின் முகத்திலிருந்து இஞ்சின் பின் முகம் வரை உள்ள தூரத்தை அளந்து எழுதுங்கள். கியர்பொக்ஸை மவுண்ட் பிடிக்கும் இடத்தையும் அப்படியே குறியுங்கள். புதிய கியர்பொக்ஸையும் அதே புள்ளிகளிலிருந்து அளந்து பாருங்கள். கொரோலாவின் கே இஞ்சின் குடும்பத்திலேயே கே40 என்ற கியர்பொக்ஸுக்கு நான்கு கியர், கே50 என்றதற்கு ஐந்து கியர். எது உங்கள் கையில் இருக்கிறது என்பதைக் கட்டாயம் உறுதிப்படுத்துங்கள். ஷாஃப்ட் நீளமும் சட்டம் நிற்கும் இடமும் அதைப் பொறுத்தவை.

அடுத்தது வயர். ஓட்டோமெட்டிக் காரில் தண்டு பார்க்கிலோ நியூட்ரலிலோ இல்லாவிட்டால் ஸ்டார்ட்டர் சுற்றாது. கியர்பொக்ஸ் பக்கத்தில் உள்ள நியூட்ரல் சுவிட்ச்தான் அதைத் தடுக்கிறது. அதே சுவிட்ச்சிலிருந்துதான் ரிவர்ஸ் விளக்குக்கும் வயர் போகிறது. எந்த இரண்டு வயர் பார்க்கில் இணைகிறது, எந்த இரண்டு ரிவர்ஸில் இணைகிறது என்று மல்ட்டிமீட்டரால் பார்த்து, பெயர் எழுதி ஒட்டுங்கள். சுவிட்ச் வேலை செய்யும்போது இது சில நிமிட வேலை. கியர்பொக்ஸைக் கழற்றி மூலையில் போட்ட பிறகு நிறம் மங்கிப்போன நான்கு வயரை வைத்து ஊகிப்பது அப்படியல்ல. கார் ஸ்டார்ட் ஆகவில்லை என்று இஞ்சினையே குறை சொல்பவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

3. ஹைட்ரோலிக் கணக்கு

இதைத்தான் பலர் செய்வதில்லை. கையில் கிடைத்த மாஸ்டரையும் கிடைத்த ஸ்லேவையும் பூட்டிவிட்டு, காற்று எடுப்பதிலேயே நாளைப் போக்குகிறார்கள். காற்று இல்லாவிட்டாலும் சில சோடிகள் வேலை செய்யாது. ஏன் என்பதை எண்ணில் பாருங்கள்.

பெடல் 150 மி.மீ கீழே போகிறது, பெடலின் நெம்பு விகிதம் 6:1 என்று வைப்போம். மாஸ்டரின் தண்டு 25 மி.மீ நகரும். மாஸ்டரின் உள்விட்டம் 15.87 மி.மீ, அதாவது 5/8 அங்குலம். ஸ்லேவ் 20.64 மி.மீ, அதாவது 13/16 அங்குலம். பரப்பு விட்டத்தின் வர்க்கத்தோடு போவதால், 20.64-இன் வர்க்கத்தை 15.87-இன் வர்க்கத்தால் வகுத்தால் சுமார் 1.69 வரும். 25-ஐ 1.69-ஆல் வகுத்தால் ஸ்லேவ் தள்ளும் தூரம் 14.8 மி.மீ. ஃபோர்க்கின் விகிதம் 1.8 என்றால் பெயாரிங் சுமார் 8.2 மி.மீ நகரும்.

இதே மாஸ்டருக்கு முக்கால் அங்குல ஸ்லேவ், அதாவது 19.05 மி.மீ, போட்டால் விகிதம் 1.44 ஆகும், ஸ்லேவ் 17.4 மி.மீ தள்ளும். பெயாரிங்குக்குத் தூரம் கூடும், காலுக்குப் பாரமும் கூடும். தூரமும் பாரமும் எப்போதும் சேர்ந்தேதான் கூடும், சேர்ந்தேதான் குறையும். பெரிய மாஸ்டர் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பது தப்பு. அளவுக்கு மேல் தள்ளினால் பிரஷர் பிளேட்டின் விரல்கள் வளைந்து கெட்டுவிடும்.

உங்கள் காரின் பெடலில், சுழலும் பின்னிலிருந்து கால் வைக்கும் இடம் வரையும், அதே பின்னிலிருந்து மாஸ்டர் தண்டு மாட்டும் துளை வரையும் அளந்து வகுத்தால் நெம்பு விகிதம் கிடைக்கும். ஃபோர்க்கையும் அதே மாதிரி உருண்டை முனையிலிருந்து இரு பக்கமும் அளக்கலாம். பெயாரிங் எவ்வளவு நகர வேண்டும் என்பது பிரஷர் பிளேட்டைப் பொறுத்தது. இந்தச் சின்னக் கார்களின் கிளச்சுக்குச் சுமார் 8 மி.மீ கிடைத்தால் நல்ல நிலை. உங்கள் கணக்கில் 6 மி.மீ-தான் வருகிறது என்றால் வாங்குமுன் சிலிண்டரை மாற்றுங்கள்.

4. பெடலும் மாஸ்டரும்

பெடல் வேலையைக் கியர்பொக்ஸுக்கு முன் செய்யச் சொல்வது, டாஷ்போர்டுக்குக் கீழே தலைகீழாகப் படுத்துச் செய்யும் வேலை என்பதால். உள்ளே சீட் கழன்று, கார் நிலத்தில் நிற்கும்போது அதற்கு இடம் இருக்கும்.

ஓட்டோமெட்டிக் காரின் அகலமான பிரேக் பெடலை எடுத்துவிட்டு, மேனுவல் காரின் இரட்டைப் பெடல் தொகுதியை முழுதாகப் போடுங்கள். அகலப் பெடலை வெட்டிச் சிறிதாக்கிக் கிளச் பெடலைத் தனியாக வெல்ட் செய்வதை நான் ஏற்கவே மாட்டேன். பிரேக் பெடலில் வெல்ட் விட்டால் அதற்குப் பிறகு திருத்த ஒன்றும் இருக்காது.

பல கார்களில் இஞ்சின் அறைக்கும் உட்பக்கத்துக்கும் நடுவிலுள்ள ஃபயர்வோல் தகட்டில் மாஸ்டருக்கான இடம் அழுத்தி அடையாளமிடப்பட்டு, துளை மட்டும் திறக்காமல் இருக்கும். கம்பளத்தை விலக்கி முதலில் அதைத் தேடுங்கள். இல்லாவிட்டால், பெடலைப் பூட்டி, தண்டு எந்த இடத்தில் தகட்டை நேராகத் தொடுகிறது என்று பார்த்துத் துளையிடுங்கள். பெடல் வட்டப் பாதையில் ஆடுவதால் தண்டின் கோணம் கொஞ்சம் மாறிக்கொண்டே இருக்கும். பாதித் தூரத்தில் தண்டு நேராக வருமாறு வைத்தால் இரு முனையிலும் சாய்வு குறைவாக இருக்கும். சாய்ந்து தள்ளினால் மாஸ்டரின் றப்பர் ஒருபக்கமாகத் தேயும்.

துளையிட்ட விளிம்பில் அன்றைக்கே பெயின்ட் பூசுங்கள். இங்கே வெறும் தகட்டைக் காற்றில் விட்டால் அடுத்த மாரிக்குள் ஓட்டை பெருத்துவிடும்.

பிறகு ஒரு சோதனை. மாஸ்டரைப் பூட்டி, அதன் வாய்க்கு ஒரு அடைப்பான் போட்டு, ஒருவரை உள்ளே இருந்து பெடலை நன்றாக அழுத்தச் சொல்லுங்கள். நீங்கள் இஞ்சின் பக்கம் நின்று மாஸ்டரின் அடிப்பாகத்துக்குப் பக்கத்தில் அடிமட்டத்தைப் பிடியுங்கள். தகடு 2 மி.மீ முன்னால் வந்து போகிறது என்றால், 25 மி.மீ-இல் 2 மி.மீ தகட்டை வளைக்கவே போய்விட்டது. அந்த வளைவு நாளாக நாளாகத் தகட்டைக் கீறவும் செய்யும். 3 மி.மீ தடிப்பான இரும்புத் தகட்டை மாஸ்டருக்குக் கீழே வைத்து, உள்ளே பெடல் சட்டத்தின் போல்ட்டுகளோடு சேர்த்து இறுக்கினால் வளைவு நின்றுவிடும்.

தண்டுக்கும் மாஸ்டரின் பிஸ்டனுக்கும் நடுவே சுமார் 1 மி.மீ இடைவெளி கட்டாயம். பெடல் மேலே இருக்கும்போது பிஸ்டன் முழுதாகப் பின்னால் வந்தால்தான், மாஸ்டரின் ஒயில் தொட்டிக்குப் போகும் சின்னத் துளை திறக்கும். தண்டு நீளமாக இருந்து அந்தத் துளை மூடியிருந்தால், ஒயில் சூடேறி விரியும்போது திரும்பிப் போக வழியில்லாமல் ஸ்லேவைத் தள்ளத் தொடங்கும். கார் குளிராக இருக்கும்போது நன்றாக ஓடி, அரை மணி நேரத்தில் கிளச் வழுக்கினால் இதைத்தான் முதலில் பாருங்கள்.

5. ஓட்டோமெட்டிக்கை இறக்குவது

பற்றரியின் மைனஸைக் கழற்றுங்கள். ஒயிலை வடியுங்கள். ரேடியேட்டரிலிருந்து வரும் இரண்டு கூலர் குழாய்களையும் கழற்றி, ரேடியேட்டர் முனைகளை மூடுங்கள். கிக்டவுன் கேபிள், வேகமானிக் கேபிள், தண்டுக் கம்பி, ஷாஃப்ட் எல்லாம் வெளியே.

ஓட்டோமெட்டிக்கில் கிளச்சின் இடத்தில் இருக்கும் டோர்க் கன்வர்ட்டரை, இஞ்சினின் பின்னால் உள்ள ஃப்ளெக்ஸ் பிளேட் என்ற மெல்லிய தட்டோடு பிடிக்கும் போல்ட்டுகளை முதலில் கழற்றி, கன்வர்ட்டர் கியர்பொக்ஸோடு சேர்ந்தே கீழே வர விடுங்கள். அதை மறந்து கியர்பொக்ஸை மட்டும் இழுத்தால் ஒயில் உங்கள் முகத்தில் கொட்டும்.

பின் மவுண்ட் கழன்றதும் இஞ்சின் பின்பக்கமாகச் சாயும். இஞ்சினின் அடித்தொட்டியான ஒயில் சம்புக்குக் கீழே பலகை வைத்து ஜக்கால் தாங்குங்கள். பலகை இல்லாமல் ஜக் முனை நேரே பட்டால் சம்ப் நசுங்கும். சாயும்போது டிஸ்ட்ரிபியூட்டர் ஃபயர்வோலில் முட்டுகிறதா, மின்விசிறி ரேடியேட்டரில் தொடுகிறதா என்று மேலேயும் ஒரு கண் வேண்டும்.

6. கிராங்கின் முனை: பைலட் புஷ், சீல், ஃப்ளைவீல்

ஃப்ளெக்ஸ் பிளேட்டைக் கழற்றினால், இஞ்சினின் சுற்றும் தண்டான கிராங்கின் பின்முகம் தெரியும். நடுவில் ஒரு துளை இருக்கும். ஓட்டோமெட்டிக் இஞ்சினில் அதற்குள் பைலட் புஷ் அநேகமாக இருக்காது. சில இஞ்சின்களில் அந்தத் துளை மேனுவல் அளவுக்கு ஆழமாகக் கடையப்படாமலும் இருக்கும். வேர்னியரால் ஆழத்தை அளந்து, கியர்பொக்ஸின் முன் ஷாஃப்ட் எவ்வளவு உள்ளே வரும் என்பதோடு ஒப்பிடுங்கள். ஷாஃப்ட் அடியில் முட்டினால் கிராங்கை முன்பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும். கிராங்கின் த்ரஸ்ட் வாஷர் தேய்ந்து இஞ்சினே போய்விடும். புதிதாகச் செய்பவர்களில் அநேகர் இந்த அளவை எடுப்பதேயில்லை. இந்த முழு வழிகாட்டியில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்.

வெண்கலப் புஷ் என்றால் அதை இஞ்சின் ஒயிலில் ஓர் இரவு ஊறவிட்டுப் பிறகு அடியுங்கள். அதன் நுண்துளைகளில் ஒயில் நின்றுதான் அது வேலை செய்கிறது. கிரீஸ் பூசினால் துளை அடைபடும். அடித்த பிறகு ஷாஃப்ட் முனை கையாலேயே உள்ளே போய் வர வேண்டும்.

பின் சீலை இப்போதே மாற்றுங்கள். பிறகு ஒழுகினால் கியர்பொக்ஸை இறக்காமல் அதைத் தொட முடியாது, ஒழுகிய ஒயில் நேரே புதிய கிளச் பிளேட்டில் போய்ச் சேரும்.

ஃப்ளைவீலை ஒரு லேத் பட்டறையில் கொடுத்து முகத்தைச் சீராக்கி எடுங்கள். சீராக்கிய இரும்பு உப்புவெளிக் காற்றில் மூடாமல் ஓர் இரவு கிடந்தாலே, காலையில் விரலால் தடவும்போது செம்மஞ்சள் தூள் ஒட்டும். பட்டறையிலிருந்து எடுத்தவுடன் ஒயில் தடவிய கடதாசியில் சுற்றி வையுங்கள், பூட்டும் நேரத்தில் பிரேக் கிளீனரால் துடையுங்கள்.

ஓட்டோமெட்டிக்கின் பழைய போல்ட்டுகளை ஃப்ளைவீலுக்குப் போடவே கூடாது. ஃப்ளெக்ஸ் பிளேட் மெல்லியது, அதன் போல்ட்டும் குட்டை. தடித்த ஃப்ளைவீலைத் தாண்டி கிராங்கில் இரண்டு மூன்று புரிதான் பிடிக்கும். மேனுவலின் போல்ட்டைப் புதிதாக வாங்கி, திரெட்லொக் போட்டு, எதிரெதிராக மூன்று தடவையில், புத்தகத்தில் உள்ள டோர்க்குக்கு இறுக்குங்கள். போல்ட் துளை இஞ்சினுக்குள் திறந்திருந்தால் புரியில் ஒயில் தாங்கும் சீலன்ட் வேண்டும்.

ஸ்டார்ட்டரையும் இப்போதே ஒப்பிடுங்கள். ஃப்ளைவீலின் பல்லும் ஸ்டார்ட்டரின் பல்லும் ஒன்றோடொன்று பிடிக்கிறதா, நடுத்தகடு இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

7. கிளச்

பழைய கிளச் தொகுதியில் உள்ள தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய பிளேட்டுகளில் அஸ்பெஸ்டஸ் இருந்திருக்கலாம். ஈரத்துணியால் துடைத்துத் துணியைக் கட்டி எறியுங்கள்.

கிளச் பிளேட்டுக்கு இரு பக்கமும் வேறு. நடுவில் ஸ்பிரிங் உள்ள பகுதி துருத்தியிருக்கும் பக்கம் அநேகமாகக் கியர்பொக்ஸைப் பார்க்க வேண்டும். பிளேட்டில் எழுதியிருந்தால் எழுத்தையே நம்புங்கள். மாறிப் போட்டால் ஸ்பிரிங் பகுதி ஃப்ளைவீல் போல்ட்டுகளில் உரசும், கிளச் விடவே விடாது.

நடுப்படுத்தும் கருவியைப் பிளேட்டின் வழியாகப் பைலட் புஷ்ஷுக்குள் நுழைத்து, பிரஷர் பிளேட்டை வைத்து, போல்ட்டுகளை எதிரெதிராக ஒவ்வொரு சுற்றாக இறுக்குங்கள். ஒருபக்கத்தை முதலில் முழுதாக இறுக்கினால் பிரஷர் பிளேட்டின் உறை வளைந்துவிடும். இறுக்கி முடித்ததும் கருவி இலேசாக வெளியே வந்து திரும்ப உள்ளே போக வேண்டும். தடக்கினால் போல்ட்டைத் தளர்த்தி மறுபடி நடுப்படுத்துங்கள்.

கிரீஸ் மூன்று இடத்துக்கு மட்டும்: ஷாஃப்ட்டின் ஸ்பிளைன் என்ற நீளவாக்குப் பற்களில் மெல்லிய படையாக, ஃபோர்க்கின் உருண்டை முனையில், பெயாரிங் ஓடும் குழாயில். ஸ்பிளைனில் கூடுதலாகப் பூசினால் சுற்றும் வேகத்தில் அது பிளேட்டின் முகத்துக்குத் தெறிக்கும்.

8. கியர்பொக்ஸை ஏற்றுவது

இஞ்சினின் பின்முகத்தில் இரண்டு டோவல் பின் இருக்க வேண்டும். கியர்பொக்ஸை நடுவில் நிறுத்துவது அவைதான். போல்ட் வெறுமனே இழுத்துப் பிடிக்கும், அவ்வளவுதான். பின் இல்லாமல் பூட்டினால் முன் ஷாஃப்ட் கோணலாகச் சுற்றி, பைலட் புஷ்ஷையும் பெயாரிங்கையும் தின்னும். டயல் கேஜ் இரவல் கிடைத்தால் ஃப்ளைவீலில் பொருத்தி, பெல் ஹவுசிங்கின் நடுத்துளையைச் சுற்றி அளந்து பாருங்கள். மொத்த வேறுபாடு 0.13 மி.மீ-க்குள் இருந்தால் நிம்மதி.

கியர்பொக்ஸைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். ஜக்கில் கட்டி, இஞ்சினின் சாய்வுக்கே கியர்பொக்ஸின் சாய்வையும் கொண்டுவாருங்கள். டொப் கியரில் போட்டுவிட்டுப் பின் ஷாஃப்ட்டைக் கையால் மெல்லத் திருப்பினால் ஸ்பிளைன் தானே பல்லுக்குள் விழும். கடைசியில் 10 மி.மீ போல நின்றுவிட்டால் அது நடுப்படாததன் அடையாளம்.

அந்த நேரத்தில் நீள போல்ட்டைப் போட்டுச் சாவியால் இழுத்து மூடுவதுதான் எல்லோருக்கும் வரும் ஆசை. வேண்டவே வேண்டாம். ஸ்பிளைன் நுழையாமல் இழுத்தால் கிளச் பிளேட்டின் நடுப்பகுதி வளையும், சில வேளை பெல் ஹவுசிங்கின் காதே உடையும். கியர்பொக்ஸின் பாரத்தைப் பிளேட்டில் தொங்கவிட்டு தேநீர் குடிக்கப் போனாலும் அதே கதிதான். பின்னால் இழுத்து, கருவியால் மறுபடி நடுப்படுத்தி, திரும்ப ஏற்றுங்கள். முகமும் முகமும் கையாலேயே சேர்ந்த பிறகுதான் போல்ட்.

9. குழாய் போடுவதும் காற்று எடுப்பதும்

மாஸ்டரிலிருந்து 4.76 மி.மீ செப்பு-நிக்கல் குழாய், கடைசிப் பகுதிக்கு றப்பர் ஹோஸ். இஞ்சின் மவுண்டில் ஆடும்போது உலோகக் குழாய் வெடிக்காமல் இருக்கத்தான் ஹோஸ். சைலன்சர் குழாய்க்குத் தள்ளியே கொண்டுபோங்கள். நடுவில் மேலே ஏறி இறங்கும் வளைவு வேண்டாம், அந்த மேட்டில் காற்று தங்கிவிடும். யப்பான் கார்களில் குழாய் முனை இரட்டையாக மடித்த ஃப்ளேர். ஐரோப்பிய வகைக் குமிழ் முனையை அதில் இறுக்கினால் எவ்வளவு இறுக்கினாலும் கசியும்.

இதற்கு ஒயில் என்பது பிரேக் ஒயில், டொட் 3 அல்லது டொட் 4 தரம். சிலிக்கன் வகையான டொட் 5 வேண்டாம். டொட் 4-இன் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை, ஈரம் உறிஞ்சிய நிலையில் 155 பாகை. நம் கடற்கரை ஈரத்தில் இந்த இறக்கம் சீக்கிரம் நடக்கும். திறந்து வைத்த பழைய போத்தலை எறிந்துவிட்டுச் சின்னப் போத்தலாகப் புதிது வாங்குங்கள். பெயின்ட்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், துடைத்தால் மட்டும் போதாது.

காற்று எடுக்க நான் விரும்பும் வழி கீழேயிருந்து மேலே. ஸ்லேவில் காற்று எடுக்கத் திறக்கும் திருகான நிப்பிள் உச்சியில் இருக்கும்படி பூட்டியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வலது-இடது மாறிய ஸ்லேவில் நிப்பிள் கீழே வந்துவிட்டால் எந்த வழியிலும் காற்று போகாது. தொட்டியில் கால்வாசி ஒயில் விடுங்கள். சுத்தமான பெரிய சிரிஞ்சில் ஒயில் எடுத்து, தெளிவான குழாயால் நிப்பிளோடு இணைத்து, நிப்பிளைத் திறந்து மெல்லத் தள்ளுங்கள். காற்று எப்படியும் மேலே போகத்தான் பார்க்கும். ஒயிலும் அதே திசையில் போவதால் அது தொட்டியில் குமிழாக வந்துவிடும். தொட்டி நிரம்பி வழியாமல் ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பிறகு வழக்கமான முறை: ஒருவர் பெடலை மெல்ல அழுத்தி, அடியில் பிடிக்க வேண்டும், நீங்கள் நிப்பிளைத் திறந்து, ஒயில் வந்து நின்றதும் மூட வேண்டும், மூடியதைச் சொன்ன பிறகுதான் அவர் காலை எடுக்கலாம். மூடுமுன் கால் மேலே வந்தால் காற்றை நீங்களே உள்ளே இழுக்கிறீர்கள்.

இப்போது ஒரு அளவு. பெடலை முழுதாக அழுத்தி ஸ்லேவின் தண்டு எவ்வளவு நகர்கிறது என்று அளந்து, 3-ஆம் படியில் வந்த எண்ணோடு பாருங்கள். கணக்கில் 14.8, அளவில் 14 என்றால் சரி. அளவில் 9 என்றால் காற்று இருக்கிறது, அல்லது ஃபயர்வோல் வளைகிறது, அல்லது மாஸ்டரின் றப்பர் விடுகிறது. ஃபோர்க்கை இழுக்கும் ஸ்பிரிங் வெளியே உள்ள வகை என்றால் ஃபோர்க் முனையில் 2 முதல் 3 மி.மீ ஆட்டம் விடுங்கள். ஸ்லேவுக்குள்ளேயே ஸ்பிரிங் உள்ள வகையில் பெயாரிங் எப்போதும் இலேசாகத் தொட்டபடி இருக்கும், அதற்கு ஆட்டம் தேவையில்லை.

10. மிச்சம் உள்ளவை

ஷாஃப்ட்: கார் சில்லில் நிற்க, கியர்பொக்ஸுக்குள் நுழையும் அதன் முன் முனையான யோக்கை முழுதாக உள்ளே தள்ளி, பிறகு 20 முதல் 25 மி.மீ வெளியே இழுத்த நிலைதான் சரியான நீளம். சஸ்பென்ஷன் ஆடும்போது உள்ளே போகவும் வெளியே வரவும் அந்த இடம் வேண்டும். வெட்டி வெல்ட் செய்தால் பாலன்ஸ் பார்க்கும் இடத்தில்தான் கொடுங்கள்; பார்க்காத ஷாஃப்ட் வேகத்தில் காரையே உதறும். கியர்பொக்ஸும் டிஃபரன்ஷியலும் ஒன்றுக்கொன்று இணையாக, 1 பாகைக்குள் நிற்க வேண்டும். சட்டத்துக்குக் கீழே தகடு வைத்து இதைத் திருத்தலாம்.

கியர்பொக்ஸ் ஒயில் ஜிஎல்-4, 75டபிள்யூ-90 அல்லது 80டபிள்யூ-90. ஜிஎல்-5 இந்தப் பழைய கியர்பொக்ஸ்களின் மஞ்சள் உலோக சிங்க்ரோ வளையங்களுக்கு (கியர் விழும்போது வேகத்தை ஒன்றாக்குபவை) ஏற்றதல்ல. நிரப்பும் துளையிலிருந்து வழியத் தொடங்கும்வரை விடுங்கள்.

வயர்: பார்க்கில் இணைந்த இரண்டு வயரையும் நேரே முறுக்கிக் கட்டாமல், கிளச் பெடலில் உள்ள சுவிட்ச் வழியாக இணையுங்கள். கியரில் இருக்கும்போது சாவி திருப்பினால் கார் பாயாது. மற்ற இரண்டும் புதிய கியர்பொக்ஸின் ரிவர்ஸ் சுவிட்ச்சுக்கு.

11. ஓட்டுமுன் சோதனை

பின்சில்லு இரண்டும் காற்றில் இருக்க, கார் ஸ்டாண்டில் நிற்க, இஞ்சின் நிறுத்தியபடியே முதலாவது கியரைப் போடுங்கள். ஒருவர் கிளச்சை அழுத்த, நீங்கள் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டைக் கையால் சுற்றுங்கள். இலேசாகச் சுற்ற வேண்டும். பெடலை மெல்ல விடச் சொல்லி, எந்த இடத்தில் ஷாஃப்ட் பிடிக்கிறது என்று பாருங்கள். தரையிலிருந்து கொஞ்சமாவது மேலே வந்த பிறகு பிடித்தால் நல்லது. கம்பளத்தோடு ஒட்டிய நிலையிலேயே பிடித்தால், இஞ்சின் சூடானதும் கியர் விழாது.

பெடலை இரண்டு மூன்று தடவை அடித்த பிறகுதான் கெட்டியாகிறது என்றால் காற்று. பெடல் முதல் தடவையே கெட்டி, ஸ்லேவும் முழுதாகத் தள்ளுகிறது, ஆனாலும் கியர் கரகரக்கிறது என்றால் பிரச்சினை பெல் ஹவுசிங்குக்குள்: பிளேட் மாறிப் பூட்டியிருக்கலாம், அல்லது பைலட் புஷ் ஷாஃப்ட்டைப் பிடிக்கிறது.

12. முதல் 500 கிலோமீற்றர்

புதிய கிளச்சுக்கு நின்று நின்று போகும் ஊர் ஓட்டம்தான் நல்லது. முதல் 500 கிலோமீற்றருக்கு நகரத்துக்குள்ளும் நிலாவெளி வீதியிலும் ஓட்டுங்கள். சமதரை, பாரம் குறைவு. உவர்மலை ஏற்றத்தில் கிளச்சில் காலை வைத்துக் காரைத் தாங்கி நிற்க வேண்டாம், அதற்கு ஹேண்ட்பிரேக் இருக்கிறது. கந்தளாய், ஹபரணை தாண்டும் நீளப் பயணத்தைப் பிறகு வையுங்கள்.

முதல் ஓட்டம் முடிந்து கார் ஆறியதும் கீழே போய்ப் பாருங்கள். பெல் ஹவுசிங்கின் அடியில் ஈரம் இருந்தால் தொட்டு முகருங்கள்: கியர் ஒயிலில் கந்தக மணம் இருக்கும், இஞ்சின் ஒயிலில் இருக்காது. எந்தச் சீல் என்பது அதிலேயே தெரிந்துவிடும். ஸ்லேவின் தூசு றப்பரை விலக்கிப் பாருங்கள், உள்ளே ஈரம் இருந்தால் சிலிண்டர் ஒழுகத் தொடங்கிவிட்டது. 500 முடிந்ததும் பெல் ஹவுசிங், மவுண்ட், ஷாஃப்ட் போல்ட்டுகளை டோர்க் ரென்ச்சால் மறுபடி பார்த்து, நிப்பிளில் கொஞ்சம் ஒயில் எடுத்து நிறம் பாருங்கள். கறுப்பாக வந்தால் சிலிண்டரின் றப்பரோ ஹோஸின் உட்சுவரோ கரைகிறது; தெளிவாக வரும்வரை மாற்றிவிட்டு, அடுத்த மாரிக்கு முன் ஹோஸைப் புதிதாகப் போடுங்கள்.